கிளெமென்றின் கொழுப்பு

"வாயைத் திறங்கோ, பாப்பம்."

டொக்டரின் அறை வாசலிலேயே மாக்ரெட் புருஷனின் வாயை முகர்ந்து பார்த்தாள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் றோல்ஸ் பொரிக்கிற கடையைக் கடக்கும்போது கிளெமென்ற் கொஞ்சம் பின்தங்கியது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

"அந்தோனியாரறிய ஒண்டும் தின்னேல்லையப்பா. மணத்தைத்தான் பிடிச்சனான்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். ஒருநாள் தலை சுற்றி இறங்கியதிலிருந்து அவன் சாப்பாட்டுக் கோப்பையில் மாக்ரெட்டின் ஆட்சி. ஊருக்குத் தவக்காலம் நாற்பது நாள். கிளெமென்றுக்கு வருஷம் முழுக்க. காலையில் ஓட்ஸ். முட்டை வந்தால் வெள்ளைக்கரு மட்டும். கோழி வந்தால் தோலில்லை. அதற்காக மாக்ரெட் எதையும் குப்பையில் போடுகிறவளும் அல்ல.

பிரஷர் குளிசை போடுவது இருவரும்தான், போன கிழமை சோதனைக்கு இரத்தம் கொடுத்ததும் இருவரும்தான். ஆனாலும் நோயாளி என்ற பேர் அவனுக்கு மட்டும். றிப்போட் நல்லாயிருந்தால் நத்தார்ப் பண்டிகைக்குப் பன்றிக்கறி என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கறியை நினைத்துத்தான் மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டொக்டர் இரண்டு றிப்போட்டில் மேலே இருந்ததை எடுத்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"நல்ல கொழுப்பு குறைவு, கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். பிரஷரும் இருக்கு. இப்பிடியே விட்டா நெஞ்சு இரத்தக்குழாய் அடைச்சிடும்."

மாக்ரெட் எழும்பியே விட்டாள். "கேட்டீங்களே! நான் தோலை உரிச்சு, மஞ்சக்கருவைத் தோண்டி எடுத்து இவ்வளவு பாடுபட, இந்த மனுசன் ஹாபரில களவாத் தின்னுது டொக்டர்! வாயில கொழுப்பெண்டு தெரியும், இரத்தத்திலயுமா?"

கிளெமென்றின் கண்முன்னால் பன்றிக்கறிச் சட்டி நடந்து வெளியே போனது.

"டொக்டர்," என்றான் ஈனக்குரலில், "ஓட்ஸிலயும் கொழுப்பு இருக்கோ?"

டொக்டர் றிப்போட்டில் இருந்த பெயரை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மாக்ரெட்டைப் பார்த்தார்.

"அந்தத் தோல், மஞ்சக்கருவெல்லாம் என்ன செய்யிறனீங்க மிஸிஸ்?"

"வீசுறதோ டொக்டர்? பாவமெல்லோ! நான்தான் சாப்பிடுறனான்."

"அதுதான் பாத்தன். இது உங்கட றிப்போட்."