பச்சை நூல்

கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டே டேப்பைத் தேடுகிற தையல்காரி அவள். இன்று கத்தரிக்கோலைக் காணோம். ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தையல் மெஷினையே சுவரிலிருந்து நகர்த்தினாள்.

இத்தனை நாள் தொலைத்ததெல்லாம் அங்கே கிடந்தது. கத்தரிக்கோல், போன வருஷத்து மூக்குக்கண்ணாடி, மாடி அறைச் சாவி. கூடவே கணவனின் கைக்கடிகாரம்.

காலையில்தான் அதன் அறுந்த பட்டையைப் பச்சை நூலால் தைத்து, அவளே அவன் கையில் கட்டி வேலைக்கு அனுப்பியிருந்தாள். அதே பச்சை நூல். அதே கோணல் தையல்.

போன் போட்டாள். "மணி என்னங்க?"

"இதைக் கேக்கவா கூப்பிட்ட? இரு, வாட்சைப் பாக்குறேன். நாலேகால்."

அவள் கையிலிருந்த கடிகாரமும் நாலேகால் காட்டியது.

"உடனே கிளம்பி வாங்க. போனை வைக்காம பேசிக்கிட்டே வாங்க."

"ஏன், இன்னைக்கு என்னத்தைத் தொலைச்ச?"

"இன்னும் தொலைக்கல."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியில் பச்சை நூலைக் கோத்தாள். கடிகாரப் பட்டையைத் தன் முந்தானையோடு சேர்த்துப் பிடித்து ஊசியை இறக்கினாள்.

"ஆ! மணிக்கட்டுல என்னமோ குத்துது."

"பொறுத்துக்கோங்க" என்று அடுத்த தையலைப் போட்டாள்.