வால் இருக்கை

பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த வில்ஃபிரட்டுக்கு வயது நூற்றியொன்று. இரண்டாம் உலகப் போரில், குண்டுவீச்சு விமானத்தின் வாலில் அமர்ந்து சுடுவது அவர் பணி. ஒருநாள் அவர் காய்ச்சலில் படுக்க, அருகிலுள்ள லாசாலைச் சேர்ந்த டெனிஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞன் அவருடைய இருக்கையில் ஏறினான். விமானம் திரும்பவேயில்லை. எல்லோரும் அவரை அதிர்ஷ்டசாலி என்றார்கள். அவருக்கோ, ஆறு தோழர்களும் தம்மை விட்டுவிட்டு அவனோடு போய்விட்டார்களே என்ற பொறாமை எண்பது ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

“செத்த பொடியனிலை இந்த மனுசனுக்கு இன்னும் எரிச்சல், அண்ணை,” என்பாள் அவரைப் பராமரித்த றோசா.

“உன்ரை ஞாயிறு லீவிலை எனக்கும் எரிச்சல்தான்,” என்பார் உடன் வேலைசெய்யும் கிறகரி.

இன்று காலை றோசா தேநீருடன் கதவைத் திறந்தாள். கட்டிலில் வில்ஃபிரட் இல்லை. தடித்த தோலுடை அணிந்த இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் புருவங்களில் உறைபனி கரையாமல் இருந்தது.

வில்ஃபிரட் எங்கே என்று றோசா கேட்டாள்.

“அது தன்னுடைய இருக்கையாம். என்னை இறங்கச் சொல்லிவிட்டார்,” என்றான் பிரெஞ்சில்.

பிறகு தேநீரை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, லாசாலில் அம்மா விழித்திருப்பாள், ஒரு தொலைபேசி கிடைக்குமா என்று கேட்டான்.