முள்ளுக்குள் ஒரு கல்

பக்கத்து மனையில் முள்புதர் மண்டினால் யாருக்குக் குத்தும்? எங்கள் தெரு மேனேஜருக்குத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாய் ஓயாத மனிதர்.

"துணி தைக்கத் தெரியுது, இடத்தைச் சுத்தமா வெச்சுக்கத் தெரியல. சோம்பேறி!" என்று மனைக்குச் சொந்தக்காரியான டெய்லரம்மாவை வாசலில் நின்று ஏசுவார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்கண்ணே," என்பாள் அவள். பத்து வருஷமாக அதே பதில்.

"புதர் மறைவுல என் இடத்தை அமுக்கியிருக்கா. பின்பக்க எல்லைக்கல்லைக் கண்டுபிடிச்சு இவ மூக்கை உடைக்கிறேன் பாரு!" என்று தெருவில் எல்லோரிடமும் சவால் விட்டார் மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு இறங்கிவிட்டார். வேடிக்கை பார்க்கத் தெருவே ஆஜர். நானும்தான், எனக்கு வேறென்ன வேலை? கையெல்லாம் கீறல், சட்டையெல்லாம் கிழிசல். மதியம் கல் தட்டுப்பட்டது.

"கொண்டாம்மா நூலை!" என்று அதட்டினார்.

டெய்லரம்மா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். வாசல் பக்க எல்லைக்கல்லில் நூலைக் கட்டி, பின்கல்லைப் பார்த்து இழுத்துக்கொண்டே போனவர் பாதி வழியில் முட்டி நின்றார். முட்டியது, பத்து வருஷத்துக்கு முன் தாமே அளந்து கட்டிய தம் வீட்டுச் சமையலறைச் சுவரில். பாதிச் சமையலறை அவள் மனையில்!

"இதுக்குத்தாண்ணே முள்ளை வெட்டாம விட்டேன்," என்றாள் டெய்லரம்மா. "அண்ணி சமைக்கிற இடமாச்சே. இப்போ தெருவே பாத்துடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?"