கலைந்த குல்லாக்கள்

"ஒண்ணு குறையுதே" என்றாள் குல்லா அக்கா.

பையைக் கவிழ்த்து மறுபடியும் எண்ணினாள். காதை மூடும் மடிப்பும் தாடைக்குக் கீழே கட்டும் நாடாவுமாகச் சின்னச் சின்னத் துணிக் குல்லாக்கள். வாங்கிப் போக வந்திருந்த குழந்தைகள் காப்பகத்து டீச்சர், எதிர் நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதல் சட்டையும் முதல் குல்லாவும் அக்கா கையால்தான். "நான் குழந்தைங்களுக்கு மட்டும்தான் குல்லா போடுவேன், பெரியவங்களுக்குப் போட மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"குறைஞ்சது மட்டும் இல்ல டீச்சர். இது நான் மடிச்ச மடிப்பே இல்ல. யாரோ ஒவ்வொண்ணா எடுத்து, உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு வெச்சிருக்காங்க. போன தடவையும் இப்படித்தான் கலைஞ்சு கிடந்தது."

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தம்பி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். மிச்சம், தம்பி பெண்டாட்டியும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான்.

"இங்க வா கொஞ்சம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா.

அவள் வந்தாள். பையைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"ஒரு குல்லாவைக் காணோம். பாத்தியா?"

அவள் உள்ளே போய், ஒரு மஞ்சள் குல்லாவைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்துணித் தையல் பாதி தூரம் பிரிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன வேலை?"

"சும்மா... பிரிச்சுப் பாத்தேன் அண்ணி."

"எதுக்கு?"

அவள் ஒரு தடவை டீச்சரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "எப்படித் தைக்கிறீங்கன்னு கத்துக்கலாம்னுதான்" என்றாள்.

"கேட்டா சொல்லிக் குடுக்க மாட்டேனா? திருட்டுத்தனமாப் பிரிச்சுப் பாத்துட்டு, நாளைக்கே தனியாக் கடை போடலாம்னு திட்டமா? எனக்கே குல்லா போடப் பாக்கறியா?"

"வீட்டுக்குள்ளயே போட்டியா அக்கா?" என்று டீச்சர் லேசாகச் சிரித்தாள்.

"பாத்துக்கங்க டீச்சர். தம்பி பொண்டாட்டியாச்சேன்னு வீட்டையே நம்பி விட்டுட்டு இருக்கேன்."

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"மிச்சத்தை எடுத்துட்டுப் போறேன். அந்த ஒண்ணை நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று டீச்சர் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போதே பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் பேச்சுக் கொடுப்பது அக்காவின் காதில் விழுந்தது. விழட்டும், நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இருந்தது.

ஆத்திரம் தீராமலே மெஷினில் உட்கார்ந்தாள். பிரித்த இடத்தைச் சேர்த்துப் பிடித்தாள்.

விரலில் சுருக்கென்றது.

உள்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவே எதுவோ இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கையை எட்ட நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். குண்டூசி. தைக்கும்போது துணி நகராமல் இருக்க அவள் குத்துகிற ஊசி. எடுக்க மறந்திருக்கிறாள். இல்லை, கண்ணில் படவே இல்லை.

சமையலறையில் தம்பி பெண்டாட்டி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஊசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அதை எடுக்கத்தான் பிரிச்சேன் அண்ணி. அதுக்குள்ள டீச்சர் வந்துட்டாங்க."

"போன தடவை கலைஞ்சிருந்ததும்..."

"நீங்க குளிக்கப் போறப்போ ஒவ்வொண்ணாத் தடவிப் பாப்பேன். எல்லாத்துலயும் இருக்காது. எப்பவாவது ஒண்ணு."

"அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அந்த டீச்சர் முன்னாடி உன்னை என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்."

"அவங்க முன்னாடி சொன்னா, அப்புறம் எந்தத் தாய் உங்ககிட்ட குழந்தைத் துணி வாங்குவா?"

அக்கா ஊசியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

"கண் டாக்டரைப் பாக்கலாம்னு அவர் சொன்னதுக்கே, 'என்னைக் கிழவின்னு ஒதுக்கப் பாக்கறீங்களா'ன்னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தீங்க. இதைச் சொன்னா மெஷினையே மூடி வெச்சிடுவீங்க. அது இல்லாம உங்களால இருக்க முடியாது அண்ணி."

அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் இந்நேரம் தெருமுனை வரைக்கும் சொல்லி முடித்திருப்பாள். ஓடிப் போய் நிறுத்த வேண்டும்போல இருந்தது.

திடீரென்று இன்னொரு பயம் வந்தது.

"ஏம்மா, உன் கண்ணுக்குத் தப்பி ஏதாவது வெளியில போயிருக்குமா? எந்தக் குழந்தையையாவது குத்தியிருக்குமா?"

"நான் பாக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா. யார் வீட்டுக் குழந்தை? நானே போய் அவங்க கால்ல விழறேன்."

"யார் கால்லயும் விழ வேண்டாம் அண்ணி. அது வெளியில போகல. நம்ம பாப்பாவுக்கு முதல் குல்லா தெச்சுப் போட்டீங்களே, அதுலதான் இருந்துச்சு."

அக்காவின் கை தானாகவே குழந்தையின் காதோரத்து முடியை ஒதுக்கியது. ஆறிப்போன கீறல், வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "என் நகம் பட்டுடுச்சு" என்று எல்லார் முன்னாலும் அழுதுகொண்டு நின்றவளிடம், "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டது அக்காதான்.