கீழ் போர்ஷன்

ஆற்காட்டு நவாப் கடனை அடைக்க முடியாமல் வரி வசூலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்த பாடத்தை, சரித்திர ஆசிரியர் திருவேங்கடம் வருஷா வருஷம் கொதித்துப்போய்த்தான் நடத்துவார். மகள் கல்யாணக் கடனுக்கு அவரே வட்டி கட்ட முடியாமல் நின்றபோது, பைனான்ஸ் சபாபதி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எதுக்கு சார் அலையறீங்க? கீழ் போர்ஷன் வாடகையை நானே வாங்கிக்கறேன். வீடு எப்பவும் உங்களோடதுதான்."

"நவாபை அந்தத் திட்டு திட்டுவீங்களே" என்றாள் மனைவி அலமேலு.

"அது நாடுடி. இது கீழ் போர்ஷன்."

சபாபதி தங்கமான மனிதர். வாடகை வாங்க வந்தவர் மாடிப்படி விளக்கை மாற்றினார்; கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். கீழே குடியிருந்தவரை அனுப்பிவிட்டுத் தன் மச்சானைக் குடிவைத்தபோதும், போன் பண்ணித் தகவல் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

அன்று காலை சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாள் அலமேலு. திருவேங்கடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"சபாபதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது."

"நம்ம வீட்டுக் குழாய்க்கா?"

அவர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் "சொல்லுங்க சார்" என்று சபாபதியின் குரல் கேட்டதும், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.