டெல்பர்ட்டின் மூக்கு

கிழவர் திருட்டு ஆட்டம் ஆடுகிறார்!

ரஸ்ஸலுக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் பாய்ட் வீட்டில் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். பாட்டிலுக்கு மாட்டியிருந்த சாக்ஸின் நுனியில் ஓர் ஓட்டை. டெல்பர்ட்டின் விரல் அதற்குள் நுழைந்து பாட்டிலின் அடியைத் தடவிக்கொண்டிருந்தது. ஓட்டையையும் அவர்தான் நைசாகப் போட்டிருக்க வேண்டும். முகத்தில் மட்டும் விஸ்கியை ரசிக்கிற பாவனை!

அன்றிலிருந்து ரஸ்ஸலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பார்ட்ஸ்டவுன் ஊரில் ரஸ்ஸல், பாய்ட், நோரீன், டெல்பர்ட் நாலு பேரும் மாதம் ஒருமுறை கூடுவார்கள். கோதுமை சேர்த்துக் காய்ச்சிய பழைய பர்பன் விஸ்கி பாட்டில் ஒன்றை ஒருவர் கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரர் அதற்குச் சாக்ஸ் மாட்டி மறைத்துவிடுவார். மற்றவர்கள் குடித்துப் பார்த்து, எந்த ஆலைச் சரக்கு என்று சொல்ல வேண்டும்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். 'ஓல்ட் டாலிவர்' என்ற பெயரில் முதலில் விற்றது பழைய ஆலை. தொண்ணூற்றிரண்டில் அதை இழுத்து மூடியதும், பெயரை விலைக்கு வாங்கி விற்றது புது ஆலை. லேபிளில் ஓர் எழுத்து மாறவில்லை. பாட்டிலின் அடிக் கண்ணாடியில் புடைத்திருக்கும் வருட எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இல்லாவிட்டால் டெல்பர்ட்டின் மூக்கு.

பழைய ஆலையின் பீப்பாய்க் கிடங்கிலேயே காலம் தள்ளிய மூக்கு அது. ஆலை போயிற்று, மனைவியும் போய்ச் சேர்ந்தாள், அந்த மூக்கின் பெருமை மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சும்மா விடுவாரா?

"ஆண்டவன் உனக்கு மூக்கு குடுத்தது கண்ணாடி மாட்டிக்கத்தான்டா ரஸ்ஸல்!"

வருடக்கணக்காக இந்தக் கேலி. அத்தனையும் தடவிப் பார்த்து அடித்த ஜம்பமா?

இந்த மாதம் பாட்டில் ரஸ்ஸல் முறை. பழைய ஆலையின் காலி பாட்டிலில் புது ஆலைச் சரக்கை ஊற்றிக்கொண்டு வந்தான். விரல் சொல்வது ஒன்று, நாக்கு சொல்வது இன்னொன்று. எல்லார் முன்னாலும் சாயம் வெளுக்கட்டும்!

நோரீன் வீட்டில் கூட்டம். பாட்டிலை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சாக்ஸ் மாட்டி எடுத்து வந்தாள் அவள். சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில் டெல்பர்ட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"என்னடா நெளியிற? நாற்காலியில முள்ளா இருக்கு?"

"அதெல்லாம் இல்லண்ணே. இன்னைக்கு நீங்களே முதல்ல சொல்லுங்க."

டெல்பர்ட் பாட்டிலை வாங்கினார். ஊற்றினார். விரல் சாக்ஸ் ஓட்டைக்குள் போனது.

திடீரென்று கருகல் வாசனை.

"ஐயோ, என் சோள ரொட்டி!" நோரீன் உள்ளே ஓடினாள். பாய்ட் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். டெல்பர்ட் மட்டும் கிளாஸை மூக்கருகே பிடித்தபடி, கண்ணை மூடி அசையாமல் இருந்தார்.

'நடிப்பைப் பாரேன்!' ரஸ்ஸல் பல்லைக் கடித்தான்.

நோரீன் திரும்பி வந்ததும் டெல்பர்ட் கண்ணைத் திறந்தார். "பழைய ஆலை! எங்க கிடங்கு வாசனைடா இது. எனக்குத் தெரியாதா?"

மாட்டினார்! ரஸ்ஸல் பாய்டைப் பார்த்தான். பாய்ட் வேலை செய்வதே புது ஆலையில். தன் வீட்டுக் குழம்பு தனக்குத் தெரியாமல் போகுமா?

"நீ சொல்லு பாய்ட்."

பாய்ட் ஒரு வாய் குடித்தான். புருவம் உயர்ந்தது. கிளாஸைப் பார்த்தான், ரஸ்ஸலைப் பார்த்தான்.

"பழைய ஆலைதான்."

ரஸ்ஸலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா குடிச்சுப் பாருடா!"

"பார்த்தாச்சு." மேஜைக்கு அடியில் பாய்டின் பூட்ஸ் அவன் காலை ஏறி மிதித்தது.

நோரீனும் குடித்தாள். "பழைய ஆலையேதான். அண்ணன் சொன்னா தப்புமா?"

டெல்பர்ட் சிரித்தார். ஆனால் கண்கள் ரஸ்ஸலின் முகத்தைவிட்டு நகரவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்கும் பிள்ளையின் கண்கள்.

"சரிதானேடா?" குரல் லேசாக நடுங்கியது.

தொண்டைவரை வந்ததை ரஸ்ஸல் விழுங்கினான். ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"சரிதாண்ணே."

அடுத்த நிமிடம் சமையலறைக்குப் பாய்ந்தான்.

"அக்கா, என்ன கூத்து இது? நான் ஊத்திட்டு வந்தது புதுச் சரக்கு! அவர் சாக்ஸுல ஓட்டை போட்டு..."

"மெதுவா பேசு. ஓட்டை போட்டது நான்." கருகிய ரொட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள் நோரீன். "போன மாசம் பாய்ட் போட்டான்."

ரஸ்ஸல் வாசல் வழியே டெல்பர்ட்டை எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவு பக்கத்துல உக்காந்திருந்தார். இது கருகினது தெரிஞ்சுதா அவருக்கு? குளிர்காலத்துல காய்ச்சல்ல கிடந்தாரே, அதோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. அவரா சொல்லல. நாங்களும் கேட்டுக்கல."

"அப்போ... அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியெல்லாம் அசல் மூக்குடா."

அவமானத்தில் ரஸ்ஸலுக்கு முகம் சுட்டது. கூடத்திலிருந்து டெல்பர்ட்டின் குரல் கணீரென்று கேட்டது. "எங்கடா போனான் அந்தக் கண்ணாடி ஸ்டாண்டு?"

நோரீன் மேஜை டிராயரைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அடுத்த மாசம் கூட்டம் உன் வீட்டுல. ஓட்டையைக் கொஞ்சம் பெருசாவே வெட்டு. பாவம், இப்போ விரலும் மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு."