சிவப்புத் தலை முளைக்குச்சி

நசரத்பேட்டைக்குப் பின்னால், வெள்ளம் வடிந்த கூவத்தின் கரையில் பொதுப்பணித்துறை என்ஜினீயர் கஜபதி நிற்கிறான். காலை வெயிலில் சேறு பளபளக்கிறது. கரை இன்னும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கிறது. அவன் கையிலிருக்கும் கம்ப்யூட்டர் தாளில் இதே கூவம் கட்டம் கட்டமாக ஓடுகிறது. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கட்டத்துக்குக் கட்டம் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய அவ்வளவுதான் ஏறியும் இருக்கிறது. கரை மட்டும் அந்தக் கணக்கில் கல்லாக நிற்கிறது. மண் அரிக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதையும் சேர்த்தபோது கம்ப்யூட்டர் திணறியது; விட்டுவிட்டான். கோடையில் அவன் அளக்க வந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்த தாயம்மாள், பாதிச் சுவராக நிற்கும் தன் வீட்டிலிருந்து வந்து, சிவப்புத் தலை முளைக்குச்சி ஒன்றை நீட்டுகிறாள். கரை இதுதான் என்று அன்று அவன் அடித்த குச்சி. “சர்க்காரு குச்சியத் தாண்டி ஆறு வராதுன்னு, அதுவரிக்கும் சமையல்கட்ட இஸ்து கட்டிக்கினேன் சார்.” குரலில் கோபமே இல்லை. “ஆத்தோட பூடாம புட்ச்சி வச்சிகீறேன். இப்ப நீ எங்க அடிப்பேன்னு சொல்லு சார், அதுக்கு இந்தாண்ட அடுப்பு வச்சிக்கிறேன்.” கஜபதி குச்சியை வாங்கிக்கொண்டு, பெயரும் கரை விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் நகர்கிறான். பிறகு இன்னும் ஓரடி. தாயம்மாளும் கூடவே நகர்கிறாள்.